57 அங்குல ரசிகர்

சென்னை அடுக்குமாடிகளில் இப்போது பிளாக்குக்கு ஒருவராவது இருக்கிறார். கதவைத் திறந்ததும் உட்காரச் சொல்ல மாட்டார். "இங்க நின்னு பாருங்க" என்று தோளைப் பிடித்து ஹாலின் நடுவில் நிறுத்துவார். எதிரே சுவர்.

அதில் ராஜா ரவி வர்மாவின் லட்சுமி தாமரைமேல் நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரராக ஓவியர் மோன்ட்ரியான்: கறுப்புக் கோடு, சிவப்பு, நீலம், மஞ்சள். கீழே தஞ்சாவூர்க் கிருஷ்ணனும் கிளிம்ட்டின் 'முத்த'மும். உச்சியில் ஜரிகை அங்கவஸ்திரத்தில் ஒரு பெரியவர், மூக்குத்தியோடு ஓர் ஆச்சி, பழுப்பேறிய புகைப்படம்.

"உங்க தாத்தா பாட்டியா சார்?"

"சேச்சே, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல, பழம்பொருள் கடையில வாங்கினது!"

சொந்தத் தாத்தா பரணில், ரிப்பேரான மிக்சிக்குப் பின்னால் இருக்கிறார். அவர் சட்டம் பிளாஸ்டிக்காம், சுவருக்கு ஒத்துவராதாம். தேக்குச் சட்டத்தில் இருக்கும் யாருடைய தாத்தாவும் இங்கே தாராளமாக வரலாம்.

லட்சுமியைப் பற்றிக் கேட்டால் குரல் தாழும். "ஒரிஜினல்." ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்ததே, ஒரே லட்சுமி ஊர் முழுக்கப் போய்ச் சேரட்டும் என்றுதான். கல்லில் வரைந்து, வண்ணத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சடித்த படம் அது. செட்டிநாட்டு வீட்டில் யாரோ ஒரு பெண்மணி பொழுதுபோகாமல் இந்த லட்சுமியின் புடவைக்கு நிஜ ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறார். அந்தக் கைவேலைதான் இந்தப் படத்திலேயே அசல். மற்றபடி லட்சுமியும் அச்சு, மோன்ட்ரியானும் அச்சு. ஒன்று பழைய அச்சு, மற்றது போன மாதம் கூரியரில் வந்த அச்சு. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. காபி இன்னும் வரவில்லையே.

ஆனால் ஒன்று, கிருஷ்ணனையும் கிளிம்ட்டையும் சேர்த்து வைத்தாரே, அதற்கு அவருக்கு ஒரு சபாஷ் போடலாம். பலாப் பலகையில் துணி ஒட்டி, மாவுக்கலவையால் மேடு கட்டி, அதன்மேல் தங்க ரேக்கு பதிப்பது தஞ்சாவூர் வழக்கம். 1908 வாக்கில் வியன்னாவில் கிளிம்ட் 'முத்த'த்துக்குப் பூசியதும் தங்க ரேக்குதான். என்ன, கூரியரில் வந்த கிளிம்ட்டில் தங்கம் கடுகு நிறத்துக்கு இறங்கிவிட்டது. சாயங்காலம் விளக்குப் போட்டால் வெண்ணெய்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் குண்டுப் பையன்தான் மின்னுகிறான்.

படம் மாட்டுவதற்கு அவரிடம் ஒரு சாஸ்திரம் உண்டு. தரையிலிருந்து 57 அங்குலத்தில் படத்தின் நடு வரவேண்டும். நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நிலைப்படிக்கும் மேலே ஆணி அடித்து, கயிற்றில் கட்டி, படம் நம்மைக் குனிந்து பார்ப்பதுபோல் தொங்கவிடுவார்கள். பின்னாலுள்ள இடுக்கில் குருவி கூடு கட்டும். அந்தக் கூட்டுக்காகவே படத்தைத் துடைக்காமல் விட்ட வீடுகள் உண்டு. இவர் வீட்டில் குருவிக்கு அனுமதியில்லை. பல்லி வந்தாலே சுவரின் அமைப்பு கெட்டுவிட்டது என்று முகம் வாடுகிறார்.

டிரில்லிங் மெஷின் எடுக்குமுன் ஒத்திகை நடக்கும். ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஒன்றை அரை அங்குலம் நகர்த்துவார். அந்த வாரம் வந்த அவருடைய மாமனார் நின்றபடியே லட்சுமியின் இடத்தில் தங்கம் விலையையும் மோன்ட்ரியானின் இடத்தில் வரி விளம்பரங்களையும் படித்து முடித்தார். "மாப்ளே, மீதிப் பேப்பர் எங்க?" என்றும் கேட்டார்.

அவருடைய அம்மாவுக்கு இந்த அங்குலமெல்லாம் ஒரு பொருட்டில்லை. வெள்ளிக்கிழமை தோறும் லட்சுமியின் கண்ணாடியில் குங்குமம் வைப்பார். மகன் ராத்திரி மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பார். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஆயுத பூஜையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார். லட்சுமிக்கு ஒன்று, கிருஷ்ணனுக்கு ஒன்று. நாற்காலி போட்டு ஏறி, ஊர் பேர் தெரியாத அந்தப் பெரியவருக்கும் ஆச்சிக்கும் ஒன்றொன்று. கிளிம்ட் பக்கம் திரும்பியவர், "கருமம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மோன்ட்ரியானிடம் போய் நின்றார்.

மகன் பதறி ஓடிவந்தார். "அம்மா, அது சாமி இல்லம்மா, வெறும் கட்டம்!"

"தெரியும்டா" என்று மஞ்சள் கட்டத்தில் சந்தனத்தை அப்பினார் அம்மா. "கட்டம் சரியில்லேன்னுதானே வெக்கிறேன்."