குழாயடிக் கேள்விகள்

லினக்ஸில் ‘பைப்’ போடுகிறேன் என்கிறான் பேரன். பிளம்பர் வேலையா?
*— ஒரு தாத்தா, உத்தர வீதி, ஸ்ரீரங்கம்*

கிட்டத்தட்ட. ஒரு புரோகிராம் எழுதித் தள்ளுவதை இன்னொன்று வாங்கி வாசிக்க வழி. பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் 1964-லேயே இது வேண்டுமென்று குறிப்பு எழுதினார்; 1973-ல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் செய்து கொடுத்தார். திருச்சி ஆர்.இ.சி. தொடங்கியதும் 1964-ல்தான். பைப் என்ற யோசனைக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஒரே வயது!

பேரன்ட் புரோகிராம் அனுப்ப, அது பிறப்பித்த சைல்டு புரோகிராம் பதில் சொல்ல, ஒரே பைப் போதாதா?
*— மாணவி, உறையூர்*

முக்கொம்பில் பிரிந்த காவிரி கல்லணைப் பக்கம்தான் போகும், திரும்பி வராது. பைப்பும் ஒருவழிதான். போக ஒன்று, வர ஒன்று வேண்டும். இரண்டையும் ‘ஃபோர்க்’ செய்து சைல்டைப் பிறப்பிக்கும் முன்பே திறந்துவிடுங்கள்; பிறகு திறந்தால் சைல்டுக்குப் பங்கு கிடையாது.

சைல்டில் ஓடப்போவது வரிகளை வரிசைப்படுத்தும் ‘சார்ட்’. பைப் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?
*— திருவெறும்பூர் வாசகர்*

தெரியவே வேண்டாம். அதற்குத் தெரிந்தது 0-ஆம் வாசலில் வாசிப்பது, 1-ஆம் வாசலில் எழுதுவது, அவ்வளவே. சைல்டுக்குள் ‘டூப்2’ போட்டு, ஒரு பைப்பின் வாசிக்கும் முனையை 0-லும், மற்றதன் எழுதும் முனையை 1-லும் உட்காரவைத்துவிட்டு ‘எக்ஸெக்’ கூப்பிடுங்கள். எக்ஸெக் ஆளை மாற்றும். அந்த இரண்டு இடங்களில் கைவைக்காது.

எல்லாம் செய்தேன். சார்ட் அசையவே மாட்டேன் என்கிறது!
*— தில்லைநகர் வாசகர்*

எந்த முனையை மூட மறந்தீர்கள்? ஃபோர்க் முனைகளையும் நகலெடுக்கிறது. எழுதும் முனையின் ஒரு நகல் எங்கே திறந்திருந்தாலும், வாசிக்கிறவருக்கு ‘முடிந்தது’ என்ற சேதி வராது. கடைசி வரியைப் பார்க்காமல் சார்ட் முதல் வரியைக்கூட வெளியே விடாது. சில சமயம் அந்த நகல் சைல்டின் கையிலேயே இருக்கும்; தன்னை எதிர்பார்த்துத் தானே உட்கார்ந்திருக்கும்.

சின்ன ஃபைலுக்கு ஓடுகிறது. பெரிய ஃபைல் என்றால் இரண்டும் நின்றுவிடுகின்றன.
*— திருவானைக்காவல் வாசகர்*

லினக்ஸ் பைப் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். நிரம்பினால் எழுதுகிறவர் நிற்பார். சைல்டு முடியட்டும் என்று நீங்கள் ‘வெயிட்’டில்; நீங்கள் வாசிக்கட்டும் என்று சைல்டு. முதலில் வாசித்து முடியுங்கள், அப்புறம் வெயிட்.

சுஜாதா இருந்திருந்தால் இதற்கு எப்படிப் பதில் சொல்லியிருப்பார்?
*— சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்*

‘ஏன் எதற்கு எப்படி’ எழுதிய உங்கள் ஊர்க்காரர் இதில் பாதி இடத்தில் முடித்திருப்பார். என் பங்குக்கு ஒரே வரி: புரோகிராம் நின்றால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள், மூடாத முனையைத் தேடுங்கள்.