லேக் மாமா

செத்துவிட்டார். ஆனால் தோற்கவில்லை.

லேக் மாமாக்கள் தோற்பதே இல்லை. பிஜிஎம்ஐ என்ற ஃபோன் விளையாட்டில் எராங்கல் தீவில் 100 பேர் குதிக்கிறார்கள். தனி ஆட்டம் என்றால் 99 பேர் செத்தே ஆகவேண்டும். அது விளையாட்டின் கணக்கு. அந்த 99 பேரில் 98 பேர் சுடத் தெரியாமல் செத்தவர்கள். மீதி ஒருவர் மட்டும் லேக் என்கிற நெட்வொர்க் கோளாறால் அகால மரணம் அடைந்தவர்.

சுட்டவன் பெயர் திரையில் வரும். மாமா அதைப் பார்க்கமாட்டார். கண் நேராகத் திரை ஓரத்தில் நெட் தாமதத்தைக் காட்டும் பிங் எண்ணுக்குப் போகும். அது சிவப்பில் இருந்தால் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சோதனையாகப் பச்சையில் 40 என்று காட்டினால், "இப்பதான் இறங்குச்சு, அவன் சுடறப்ப இருநூறு இருந்துச்சு" என்பார். 40 மில்லிசெகண்ட் என்பது கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும் நேரத்தில் பாதிகூட இல்லை மாமா என்று சொல்லிப் பார்த்தோம். "அந்த கேப்லதான்டா அடிச்சான்!"

அடுத்தது வீட்டு விசாரணை. "யாரு யூடியூப் பாக்குறது?" என்று ஃபோனைக் கையில் பிடித்தபடி அறை அறையாக வருவார். அக்காள் புருஷன், வேலைக்காரம்மா, ஆன்லைன் டியூஷனில் இருக்கும் பெண் என யாருக்கும் விலக்கு கிடையாது. ஒரு சனிப் பிரதோஷத்தன்று பாட்டி மாட்டிக்கொண்டாள். கோயில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நந்தி அபிஷேகத்த நாளைக்குப் பாத்தா ஆகாதா?"

"நாளைக்குப் பிரதோஷம் இல்லடா."

கூடம் கோணல் என்று சொன்னவளாவது கூடத்தை இடிக்கச் சொல்லவில்லை. இவர் ரவுட்டரை ஷோகேஸிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மேலே ஏற்றினார், அங்கிருந்து தன் கட்டில் தலைமாட்டுக்குக் கொண்டுபோனார். பழைய இணைப்பைத் துண்டித்து ஃபைபர் வந்தது. 120 ஹெர்ட்ஸ் திரையோடு புது ஃபோன் வந்தது. வியர்வையில் வழுக்காமலிருக்கக் கட்டைவிரல்களுக்கு உறைகூட வந்தது. எல்லாம் வந்தபின் நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம், இனி என்னதான் சொல்லப்போகிறார் என்று. முதல் ஆட்டத்தில் இறங்கிய வேகத்தில் செத்தார். உறையைக் கழற்றாமலே அறிவித்தார்: "ஹேக்கர்."

எப்படிச் செத்தார் என்று விளையாட்டே திருப்பிப் போட்டுக் காட்டும். பார்த்தோம். ஜன்னலில் முழு உடம்பும் தெரிய நின்றுகொண்டு, எடுத்த ஹெல்மெட்டைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் அவனை ரிப்போர்ட் அடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

2020 செப்டம்பரில் பப்ஜி உள்பட 118 செயலிகளை மத்திய அரசு தடைசெய்ததே, நாட்டில் அதனால் மகிழ்ந்த ஒரே ஆட்டக்காரர் இவராகத்தான் இருக்கும். "கான்கரர் ஆக இன்னும் ரெண்டே நாள்தான் இருந்துச்சு" என்று அடுத்த ஜூலையில் அதற்குப் பதிலாக பிஜிஎம்ஐ வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கான்கரர் என்பது சர்வரின் உச்சியில் இருக்கும் சில நூறு பேருக்கு மட்டும் கிடைப்பது. மாமா அப்போது இருந்தது கோல்டில். நடுவே பிளாட்டினம், டயமண்ட், கிரௌன், ஏஸ் என்று நாலு படி. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐயையும் கொஞ்ச காலத்துக்குத் தூக்கினார்கள். அப்போதும் ரெண்டே நாள்தான் பாக்கி.

லூடோவை ஆஃப்லைனில் ஆடும்போது டவரைக் குறைசொல்ல வழியில்லை. அங்கே "ஆறு விழாத மாதிரி புரோகிராம் பண்ணி வச்சிருக்கான்."

இவ்வளவையும் சிரித்துவிட்டுப் போகலாம். போனவாரம் நடந்ததற்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு ஒன்பது வயசுப் பையன், ஃபோன் கேரமில் ரெட்டும் ஃபாலோவும் போட்டு அவரை ஜெயித்துவிட்டான். எழுந்து நின்று எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தான். மாமா திரையைச் சட்டையில் துடைத்தபடி, "டச் சரியா வேலை செய்யலடா" என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான். மாமாவை அவன் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த வெற்றியைத் தூக்கி ஃபோனுக்குக் கொடுத்துவிட்டார் மனுஷர். மறுநாள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்ததற்கு அவன் சொன்ன காரணம்: "ஷூ லேக் ஆயிடுச்சு."

கடைசி ஆளாக உயிரோடு நின்று சிக்கன் டின்னர் அடிக்கும் நாளில் மட்டும் மாமா வேறு ஆள். நள்ளிரவானாலும் எழுப்பி, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், எல்லாருக்கும் பரோட்டா, சால்னா, ஆளுக்கொரு ஆம்லெட் வாங்கிக்கொடுப்பார். அன்றைக்கு பிங் எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கை கழுவும்போது நான் ஒருமுறை கேட்டேன். "பிங்கா? ஆடத் தெரிஞ்சவனுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சனையா?"

உலகத்து லேக் மாமாக்களே, குறைந்தபட்சம் பையன்களிடம் தோற்கும்போதாவது "நல்லா ஆடினடா" என்று சொல்லித் தொலையுங்கள். அதற்கு நெட் தேவையில்லை. அடுத்த பிரதோஷத்துக்குப் பாட்டி ஃபோனையும் விட்டுவிடுங்கள்.