உப்பு மேல் பழி

மரக்காணம் உப்பளக் காற்று பட்டால் போன் திரை போச்சு என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குத்தான் ‘9 ஹெச்’ டெம்பர் கிளாஸ்! வைரத்துக்குத் தம்பி என்று நினைப்பு. அந்த 9, பென்சில் கீறலைத் தாங்கும் கணக்கு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் கணக்கில் உப்பு சுமார் 2.5, கண்ணாடி 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கீறுவது மணல், கெட்ட பெயர் உப்புக்கு. ஒட்டியிருக்கும் மணலோடு வேட்டி முனையால் அழுத்தித் துடைத்து, கோடு போடுவது நாம்தான். கைரேகை படியாதிருக்கப் பூசிய பூச்சும் அந்தத் தேய்ப்பில் தேய்கிறது.

பாத்தியில் உப்பு வாருகிறவரின் பாதம் வெடிக்கிறது, வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசுகிறது. முதலில் அவருக்குப் பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் கொடுங்கள். போன் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.