கருவாட்டுக்கு மெழுகுவத்தி

குந்து நைனா. மூஞ்சில இன்னா அவ்ளோ பூரிப்பு? நேத்து ராத்திரி ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் சாப்பாடாமே! நாலே மேசை, மங்கலா வெளிச்சம், பக்கத்து ஆளோட முழங்கை நம்ம மேல இடிக்கிற நெருக்கம், அவ்ளோ இதமா இருந்துச்சுன்றே. ஏம்பா, இதே திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரு ரூமுக்கு மூணு கட்டில் போட்டு வச்சிருந்தானே, அப்ப மட்டும் ஏன் உங்கப்பனுக்கு போன் போட்டு அழுதே? அங்கயும் நெருக்கம்தானே? அங்கயும் பல்பு மங்கல்தானே?

சிரிக்காத. நானும் அந்த மாதிரி எடத்துக்குப் போனவன்தான். பேத்தி இழுத்துக்கினு போனா. எடத்துப் பேரு வேணாம், பாவம், பொழச்சுப் போவட்டும். உள்ள நொழைஞ்சா கரண்டு போன வீடு கணக்கா இருட்டு. மேசைக்கு ஒரு மெழுகுவத்தி. மெனு அட்டையப் படிக்க எல்லாரும் செல்போன் லைட்டைப் போட்டுக்கினு இருக்கான். வெளிச்சத்த அணைக்க ஒரு துட்டு, வெளிச்சம் போட ஒரு போனு. நல்லா இருக்குது நாயம்!

சர்வர் புள்ள வந்து குனிஞ்சு நின்னான். மொதல்ல சாப்பாடு வரல, பிரசங்கம் வந்துச்சு. இது எந்தக் கடல் மீனு, எப்படி சமைக்கிறது, எப்படிச் சாப்புடணும், எல்லாம் இங்கிலீசுல. சாப்புடறது எப்படின்னு எழுவது வயசுக்கு மேல எனக்குப் பாடம். அந்த மீனு பேரு பக்கலாவோ. பேத்தி கண்ண மூடிக்கினு ‘ஆஹா’ன்னா. நான் ஒரு வாய் போட்டேன். போட்டதுமே புரிஞ்சு போச்சு.

வட கடல்ல புடிக்கிற காட் மீனு. உப்புல போட்டுக் காய வச்சது. சமைக்கறதுக்கு முன்னால ஒரு நாளைக்கு மேல ஊறப் போடணும், தண்ணிய மாத்தி மாத்தி உப்ப எறக்கணும். அப்பால ஆலிவ் எண்ணெய், பூண்டு, மொளகா. லேசான தீயில சட்டியப் புடிச்சு ஆட்டிக்கினே இருந்தா, மீன் தோல்ல இருக்கற பசை எறங்கி எண்ணெயோட சேந்து வெள்ளையா, கெட்டியா ஒரு கொழம்பு ஆவும். பில்-பில்னு அதுக்குப் பேரு. இன்னா கண்ணு முழிக்கிற? கருவாடுதான்டா அது! உங்கம்மா ஞாயித்துக்கெழம நெத்திலிக் கருவாடு வறுத்தா, ஜன்னலத் தொற, ஊதுவத்தி கொளுத்துன்னு ஆட்டம் போடுவியே. அங்க போய் அதையே மெழுகுவத்தி கொளுத்தித் துன்னுட்டு போட்டோவும் புடிச்சிக்கினு வந்துகீற.

அந்த பாஸ்க்குக்காரன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவன் பொழப்பு அப்படி. நானூறு வருஷத்துக்கு முன்னாலயே கப்பல் கட்டிக்கினு நியூஃபவுண்ட்லாந்து வரைக்கும் போய் காட் புடிச்ச கூட்டம் அது. மீனு கெடாம ஊரு வந்து சேரணும்ல? உப்புதான் வழி. நம்ம நடுக்குப்பத்து மீன்காரங்களாண்ட போய் நின்னு கேளு, உப்புப் போடற பக்குவத்த அவங்களும் சொல்லுவாங்க. இங்கிலீசுல சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான்.

பாஷைன்னதும் ஞாபகம் வருது. பாஸ்க்குக்காரன் இப்பதான் மொத தபா மெட்ராசுக்கு வந்திருக்கான்னு நெனச்சியா? நம்ம சவேரியார் யாருன்ற? கோவாவுல ஒடம்பு இருக்குதே, பிரான்சிஸ் சவேரியார், அவர்தான். 1506ல நவார்ரா சீமையில ஒரு கோட்டையில பொறந்தவர். தாய்மொழி பாஸ்க். 1542ல முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1545ல இதோ, நடந்து போற தூரத்துல, மயிலாப்பூர் சாந்தோம்ல நாலு மாசம் போலத் தங்கியிருந்தார். அந்த மனுசன் இன்னா பண்ணார் தெரியுமா? ‘அவங்க பேச்சு எனக்குப் புரியல, என் பேச்சு அவங்களுக்குப் புரியல’ன்னு கடுதாசில ஒத்துக்கினார். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளுங்கள உக்கார வச்சு ஜெபத்தையெல்லாம் தமிழ்ல மாத்தி, உருப்போட்டு, கையில மணிய ஆட்டிக்கினு தெருத்தெருவா சொல்லிக்குடுத்தார். அசல் பாஸ்க்குக்காரன் தமிழுக்கு அவ்ளோ பாடுபட்டுகீறான். நம்ம ஊர்ல பொறந்த சர்வர், நம்ம ஊர் கெழவன்கிட்ட ‘தண்ணி வேணுமா’ன்னு கேக்க மாட்டேன்றான். ஸ்டில்லா ஸ்பார்க்லிங்கான்றான்.

அப்பால ஒரு கூத்து. பாஸ்க் சீமையில ஆப்பிள்ல பண்ற சரக்க ஒசரத்துலேர்ந்து கிளாசுல ஊத்துவாங்களாம். நொரை வரும், வாசன வரும். நம்ம ஊர்ல அந்த மாதிரி சின்ன ஓட்டலுக்கு சரக்கு லைசென்சு ஏது? ஆனா ஊத்தற ஸ்டைல உட முடியுமா? ஆப்பிள் ஜூஸை எட்டாத ஒசரத்துலேர்ந்து ஊத்தினான். பாதி மேசையில. சுத்தி இருந்தவன்லாம் கை தட்டினான். தெருமுனை டீ மாஸ்டர் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அதையே பண்றாரு, ஒரு சொட்டு கீழ சிந்தறதில்ல. என்னிக்காவது கை தட்டினியா நீ?

இன்னொண்ணு சொல்றேன் கேளு. அந்த பாஸ்க் சீமையில சான் செபாஸ்தியான்னு ஒரு ஊரு. பழைய தெருவுல வரிசையா கடைங்க. ரொட்டித் துண்டு மேல மீனோ மொளகாவோ வச்சு, குச்சியால குத்தி, கல்லா மேடை முழுக்கப் பரப்பி வச்சிருப்பான். பின்ச்சோன்னு பேரு. ஜனங்க நின்னுக்கினே ஒண்ணு எடுத்து வாயில போட்டுட்டு அடுத்த கடைக்கு நடையக் கட்டும். நாற்காலியாவது, மெழுகுவத்தியாவது! நெறைய கடையில எத்தினி துன்னேன்னு துன்னவனே சொல்லுவான், கடைக்காரன் நம்பி வாங்கிக்குவான். இது எங்கயோ பாத்த மாதிரி இல்ல? ‘ரெண்டு டீ, ஒரு மசால் வடை, ஒரு பட்டர் பிஸ்கெட்டு’ன்னு நீயே கணக்கு சொல்லி நீயே துட்டு குடுத்துட்டு வர்றியே, அதேதான்டா.

அங்க ஆம்பளைங்க சங்கமும் வச்சிருக்கானுங்க. ச்சோக்கோன்னு பேரு. ஆளுக்கொரு சாவி. வந்து தொறந்து, தானே சமைச்சு, கூட்டாளிங்களோட துன்னுட்டு, எடுத்த சாமான நோட்டுல எழுதி வச்சுட்டு துட்டப் போட்டுட்டுப் போவான். நூத்தம்பது வருஷப் பழக்கம். ரொம்ப நாளா பொம்பளைங்கள அடுப்பாண்ட சேக்காம வேற இருந்தானுங்களாம். நம்மாளு பொம்பளைய அடுப்பை உட்டு நகர உடல, அவன் கிட்டவே உடல. ரெண்டு பேருக்கும் ஒரு பேஜார் இருக்கத்தான் செய்யுது.

கடைசில இனிப்பு வந்துச்சு. சீஸ் கேக்கு. மேல கன்னங்கரேல்னு தீஞ்சு போயிருந்துச்சு. நான் பதறிப்போய் ‘தம்பி, அடுப்ப உட்டுட்டாங்க போலகீது’ன்னேன். அந்தப் புள்ள ஏளனமா பாத்தான். அதான் அதோட அழகாம். அதே சான் செபாஸ்தியான்ல லா வின்யான்னு ஒரு கடை. அங்க 1990 வாக்குல பண்ணிப் பாத்தது. சீஸு, முட்டை, சர்க்கரை, கிரீமு, கொஞ்சம் மாவு, நல்ல சூட்டுல வச்சா மேல கருகும், நடுவுல தளதளன்னு இருக்கும். இப்ப உலகம் பூரா அதான். நம்ம அடையாறுல ஒண்ணு, நுங்கம்பாக்கத்துல ஒண்ணு. உங்க ஆயா பால்கோவாவ அடிப்புடிக்க உட்டா மூணு நாளு சொல்லிக் காட்டுவ. அடியில தீஞ்சா திட்டு, மேல தீஞ்சா துட்டு!

அப்புறம் தோல் அட்டைக்குள்ள ஒளிச்சு வச்சு பில்லு வந்துச்சு. அஞ்சு பர்சண்டு ஜி.எஸ்.டி. சரி, அது கெவருமெண்டு. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜுன்னு ஒரு வரி. பேத்தி பேசாம கட்டப் போனா. நான் புடிச்சு நிறுத்தினேன். 2022லேயே நுகர்வோர் ஆணையம் சொல்லிடுச்சு, அத தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு. ஓட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னுடுச்சு. எடுத்துடுப்பான்னேன். எடுத்துட்டான். அந்தத் துட்ட அந்தப் புள்ள கையிலயே குடுத்தேன். அப்பதான் தமிழ்ல பேசினான்: ‘தேங்க்ஸ் தாத்தா.’ சரி, பாதித் தமிழு.

உனக்கு நெருக்கம்தான வேணும்? நம்ம திருவல்லிக்கேணி ரத்னா கபேக்கு ஞாயித்துக்கெழம காலையில போ. எடம் கெடைக்காது. சாப்புடறவன் முதுகாண்ட நிக்கணும், அவன் கடைசி வாய் போடறதுக்குள்ள நீ நாற்காலியப் புடிக்கணும். இட்லி தட்டுல இருக்கும், ஆனா கண்ணுல தெரியாது, சாம்பாருக்குள்ள முழுகியிருக்கும். இன்னும் வேணும்னா கப்பத் தூக்கிக்கினு வந்து ஊத்துவாங்க, பிரசங்கம் கெடையாது. 1948ல அந்தக் கடைய ஆரம்பிச்சவங்க மதுராவுலேர்ந்து வந்தவங்க. வடக்கத்திக்காரன் நமக்கே சாம்பார் ஊத்தி ஜெயிச்சுகீறான் பாரு! ‘மதுரா அனுபவம்’னு போர்டு மாட்டினானா? மெழுகுவத்தி வச்சானா?

இல்லையா, அக்பர் சாகிப் தெருவுல காசி விநாயகா மெஸ்ஸுக்குப் போய் டோக்கன வாங்கிக்கினு வாசல்ல நில்லு. முன்ன பின்ன தெரியாதவனோட ஒரே மேசையில குந்தி, ரசத்த அவன் பக்கம் தள்ளி உட்டு, அப்பளத்த நொறுக்கிச் சாப்புடு. அந்த சான் செபாஸ்தியான்காரனக் கூட்டிக்கினு வந்து உன் மெழுகுவத்தி ஓட்டல்ல உட்டா, வழி தப்பிட்டோம்னு ஓடிடுவான். இந்த மெஸ்ல உட்டா டோக்கன் எங்கன்னு கேப்பான்.

இன்னா, மூஞ்சி சுருங்கிப் போச்சு? போவாதன்னு நான் சொல்லலியே. அடுத்த தபா எப்ப போற? சொல்லி அனுப்பு, நானும் வரேன். அந்தக் கருவாடு சோக்காத்தான் இருந்துச்சு. துட்டு உன்னுது. டார்ச்சு லைட்டு நான் எடுத்துக்கினு வரேன்.