சாயாக்கடையில் ஏ.ஐ.

கேள்வி: புதுக்கடையில் சாயாக்கடை வைத்திருக்கிறேன். ஏ.ஐ. இல்லாவிட்டால் கடை தேறாது என்கிறான் மகன். வைக்கலாமா?

பதில்: தினமும் எத்தனை பழம்பொரி மிஞ்சுகிறது என்று எழுதி வைக்கிறீர்களா? மழை நாள், ஞாயிறு, திருவிழா எல்லாம் சேர்த்து நாலு மாதக் கணக்கைக் கொடுத்தால், நாளைக்கு எத்தனை ஏத்தன்பழம் உரிக்கலாம் என்று போனிலேயே ஏ.ஐ. சொல்லும். கணக்கே இல்லையென்றால் அதுவும் உங்களைப் போலக் குத்துமதிப்புதான்.

ஆர்டர் எடுக்க மட்டும் விடாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கடைகளில் அப்படிச் சோதித்த மெக்டொனால்ட்ஸ், 2024இல் கைவிட்டது. 'கடுப்பம் கூட்டி, மதுரம் குறைச்சு' என்றால் மதுரைக்காரரே விழிப்பார், மெஷின் பாவம்!

முதலில் மகனை ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.