தொரைக்கு ஒரு யோசனை

வாங்க தொரே, கடை போடத்தானே வந்தீங்க? இப்படி உக்காருங்க. கூவம் நாத்தம் பழகிடும். 1734லயே உங்க ஆளு ஒருத்தரு பழகிக்கிட்டாரு. பிட்டுன்னு ஒரு கவர்னரு. சுங்குராமர் தோட்டத்தை எடுத்து, நூல் நூக்கிறவங்க, நெய்யுறவங்களையெல்லாம் குடிவச்சு உண்டாக்கினதுதான் இந்தச் சிந்தாதிரிப்பேட்டை. உள்ளூர் சரக்கை வாங்குன்னு அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு யாரும் சட்டம் போடல. துணியை இங்கயே வாங்கிக் கப்பலேத்தினாங்க, லாபம் லண்டனுக்குப் போச்சு.

இப்ப உங்களைப் பயமுறுத்துற சட்டத்துக்கு வருவோம். ஒரே பிராண்டு கடையில வெளிநாட்டு முதல் 51 சதவீதத்தைத் தாண்டினா, வாங்குற சரக்குல 30 சதவீதம் இந்தியாவுல வாங்கணும். 2012 ஜனவரியில இதை எழுதினப்ப, சின்னத் தொழில்காரங்க, குடிசைத் தொழில்காரங்ககிட்டதான் வாங்கணும்னு கறாரா எழுதினாங்க. நம்ம தறிக்காரரு வேட்டியை மடிச்சுக் கட்டிக் கெளம்புறதுக்குள்ள செப்டம்பர் வந்துடுச்சு. அவங்ககிட்ட வாங்கினா நல்லதுன்னு மாத்திட்டாங்க. இஷ்டப்பட்டா மொய் வைங்கன்னு கல்யாணத்துல சொல்லிப் பாருங்க, எத்தனை கவரு விழுதுன்னு.

எவ்வளவு வாங்கினீங்கன்னு நீங்களே எழுதிக் குடுக்கலாம், ஆடிட்டரு அப்புறமா பாப்பாரு. மொத வருஷமே முப்பது தேறலையா? அஞ்சு வருஷ சராசரி காட்டுங்க. இவ்வளவு நல்ல மாமனாரு எனக்கு வாய்க்கல.

2019 ஆகஸ்ட்ல இன்னும் இளகிட்டாங்க. இங்க செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புற சரக்கும் முப்பதுல சேரும். உங்களுக்காக காண்டிராக்ட்ல செய்யுற கம்பெனி வாங்கினாலும் சேரும். ஆப்பிள்காரரைப் பாருங்க. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான்ல நம்ம பொண்ணுங்க கோக்குற ஐபோனு சீமைக்குப் பறந்தாலும் இங்க கணக்குல ஏறலாம். 2023 ஏப்ரல்ல மொதக் கடை மும்பையில, ரெண்டாவது டெல்லியில. செஞ்ச ஊருக்கு என்ன அவசரம்!

ஏத்துமதியும் உள்ளூர் கொள்முதல்தான்னா, பிட் தொரை இன்னிக்கு இருந்திருந்தா ஒரே கையெழுத்துல பாஸாகியிருப்பாரு.

ஃபேக்டரி வேலை வந்ததுல எனக்குச் சந்தோஷம்தான். மாசச் சம்பளம் வர்ற வீட்டுல கேட்டா தெரியும் அதோட அருமை. ஆனா சின்னவனுக்குன்னு எழுதின வரி எட்டே மாசத்துல காத்துல போச்சு. அதனால கடையைத் தாராளமா வைங்க தொரே. காஞ்சிபுரத்துலயோ கரூர்லயோ நாலு தறிக்காரங்களுக்கும் ஆர்டர் குடுங்க. சர்க்காரு கேக்காது, நான் வந்து கேப்பேன்.