பட்டணப்புரையும் அதன் நீக்கமும்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டுப் பெருநகரில் குடியேறிய ஒருவர், ஏறத்தாழ மூன்றாம் ஆண்டு தொடங்கி, கண்ணெதிரே நிற்கும் எதையும் காணும் ஆற்றலை இழந்துவிடும் நிலையே இங்குப் பட்டணப்புரை எனப்படுகிறது. புரை என்பது கண்ணில் படரும் மங்கல். பட்டணம் என்பது உத்திரமேரூர் வட்டாரத்தார் சென்னைக்கு வழங்கும் பெயர். 1996இல் அரசு மெட்ராஸைச் சென்னை ஆக்கிய செய்தி அவ்வட்டாரத்து முதியோரின் பேச்சை இன்னும் எட்டவில்லை. இப்புரை கண்டவருக்கு வலி எதுவும் இராது. அவர் வேலைக்குப் போவார், சம்பளம் வாங்குவார், அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தை நாள்தோறும் இருமுறை கடப்பார். அதற்கு எத்தனை மாடி என்று கேட்டால் மட்டும் விழிப்பார்.

இதற்கு அறியப்பட்ட மருந்து ஒன்றே; அது ஊரிலிருந்து துணிப்பையும் முறுக்குத் தூக்குமாக வந்து இறங்கும் உறவினர். அவரைக் காண்பார் என்றும், அவரை அழைத்துச் செல்லும் குடியேறியைக் காட்டுவார் என்றும் கொள்க. முற்காலத்தில் இவர்களுக்குரிய பாடத்திட்டம் உறுதியாக இருந்தது: 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி.யின் 14 மாடிகளை அண்ணாந்து எண்ணுவது, செத்த காலேஜ் எனப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தையும் உயிர் காலேஜ் எனப்பட்ட மிருகக்காட்சிசாலையையும் பார்ப்பது, பொழுது சாய்ந்ததும் கடற்கரையில் கால் நனைப்பது. சென்ட்ரலுக்கு அருகில் இருந்த உயிர் காலேஜ் 1985இல் வண்டலூருக்குப் பெயர்ந்தபின், பட்டணத்துக்குள் நுழையாமலே பட்டணம் பார்த்துத் திரும்பும் புதுவகைக் காண்பார் தோன்றினர். வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 இறுதியில் திறக்கப்பட்டது இவ்வகையினரை மேலும் பெருக்கக்கூடும். செவ்வாய்க்கிழமைகளில் வண்டலூருக்கு விடுமுறை என்பது காட்டுவாருக்குப் பூட்டிய வாயிலின் முன்னர்தான் தெரியவரும் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

காட்டுவாராக யாரைத் தெரிந்தெடுப்பது என்னும் சிக்கலுக்கு உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலேயே தீர்வு உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது என்பன அவ்விதிகளுள் சில. இவற்றைப் பட்டணத்துக் குடியேறிகளுக்குப் பொருத்தினால், மனை விதியால் வாடகை வீட்டார் பெரும்பாலோரும், ஊரிலிருந்து வாங்கிய பணத்துக்கு இன்றுவரை கணக்குச் சொல்லாத காரணத்தால் எஞ்சியோரும் நீங்கிவிட, குடத்தில் ஓலையே இராது. ஆகவே நடைமுறையில், அன்று விடுப்பு எடுக்க முடிந்தவரே காட்டுவார் ஆகிறார்.

ஆயினும் புரையை நீக்குவது காட்டுவாரின் தகுதியன்று, காண்பாரின் கேள்வியே. அதே கல்வெட்டுகள் கூறும் வாரியங்களுள், அதாவது பணிக்குழுக்களுள், ஏரி வாரியம் ஒன்று. ஏரியைப் பேணுவது அதன் வேலை. அவ்வாரியம் மறைந்து நூற்றாண்டுகள் ஆகியும் அதன் பார்வை ஏரிக்கரை ஊர்களின் பெரியம்மாக்களிடம் மறையவில்லை. மெரினாவில் நிறுத்தப்பட்ட பெரியம்மா அலையையோ அடிவானத்தையோ வியப்பதில்லை, "இவ்ளோ தண்ணி இருக்குதே, எத்தினி ஏக்கரு பாயுது?" என்றே கேட்கிறார். கடலுக்கு மதகு இல்லை என்பதைக் காட்டுவார் அப்போதுதான் முதன்முதலாக எண்ணிப்பார்க்கிறார்.

மேற்கு மாம்பலத்தில் சிகிச்சை இன்னும் ஆழமாகச் செல்கிறது. அங்கே லேக் வியூ ரோடு என்றொரு தெரு உண்டு, லேக் என்றால் ஏரி என்று விளக்கியதும், "ஏம்ப்பா, ஏரி எங்க?" என்று பெரியம்மா நான்கு திசையும் பார்க்கிறார். பத்தாண்டுகளாக அப்பெயர்ப்பலகையைக் கடந்துவந்த காட்டுவாருக்கு விடை தெரியாது. அவ்விடத்து ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு அதன்மேல் தியாகராய நகர் எழுந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் நிற்பதுதான். இவ்வளவையும் கைபேசியில் தேடிப் படித்துச் சொன்னபின், "ஏரி உள்வாயில வீடு கட்டினா மழத் தண்ணி எங்க போவும்?" என்கிறார் அவர். உள்வாய் என்பது கரைக்கு உட்புறமாக நீர் நிற்கும் பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் குளிர்பெட்டியை மேல்மாடிக்குத் தூக்கிச் சென்றவரான காட்டுவார், இந்தச் சொல்லைக் கேட்டபின்தான் தம் தெருவின் சரிவைக் குனிந்து பார்க்கிறார். வெள்ளத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதிய அறிக்கைகள் இதைவிட நீளமானவை.

இத்தெளிவு நான்கு நாள் நீடிக்கும். பெரியம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிட்ட மறுநாள் புரை மீண்டும் படரும்.

இந்நோய் பட்டணத்துக்கே உரியது என்று கொள்வதற்கு ஒரு தடை உண்டு. காட்டுவாரின் அலுவலகத் தோழர் ஒருவர், பட்டணத்திலேயே பிறந்தவர், குடவோலைக் கல்வெட்டைக் காணும் ஆவலோடு விடுமுறை நாளில் உத்திரமேரூருக்கு வருவதாகக் கொள்வோம். பேருந்து நிலையத்தை ஒட்டிய வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரின்முன் நின்று, இதில் எந்த வரியில் குடம் வருகிறது என்று அவர் கேட்கிறார். பள்ளிக்காலம் முழுதும் அச்சுவரின் நிழலில் பேருந்துக்குக் காத்திருந்த காட்டுவார், பெரியம்மாவைப் பார்க்கிறார். அறுபது ஆண்டுகளாக அவ்வழியே சந்தைக்குப் போய்வரும் பெரியம்மா, "உள்ள சாமி நல்லாருக்கும், வாங்க" என்கிறார்.